நிலம் அதிர்ந்தால் கர்டர்கள் நழுவாதிருக்க: மதுரைப் பாலங்கள் குறித்து ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ள மேம்பாலங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து செய்தி வெளியிட்டு வருகிறது. நில எடுப்பு, செலவு, போக்குவரத்து மாற்றம், திறப்பு விழா ஆகிய அனைத்தும் அச்செய்திகளில் இடம்பெறுகின்றன. ஆனால் தூண்களின் தலையில் கர்டர்கள் எனப்படும் விட்டங்கள் எவ்வாறு அமர்ந்திருக்கின்றன, நிலம் அதிர்ந்தால் அவை அங்கேயே நிற்குமா என்ற கேள்வியை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. கட்டடப் பொறியியலை மாணவர்களுக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைத் தங்கள் இதழின் வழியாக மாவட்ட நிர்வாகத்தின் முன்னும் நெடுஞ்சாலைத் துறையின் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

கர்டர் பாலம் என்பது, சுவர்களின் மேல் கிடத்திய உத்தரத்தைப் போல, இரு தூண்களுக்கு நடுவே கிடத்தப்பட்ட கான்கிரீட் அல்லது இரும்பு விட்டங்களின் மேல் சாலைத்தளம் அமைந்த பாலமாகும். அந்த விட்டங்கள் தூணோடு ஒன்றாக வார்க்கப்படுவது குறைவு. பெரும்பாலான பாலங்களில் அவை பேரிங் எனப்படும் தாங்கிகளின் மேல் வெறுமனே அமர்ந்திருக்கின்றன. பழைய பாலங்களில் இத்தாங்கிகள் இரும்பு உருளைகளாகவும், பிற்காலப் பாலங்களில் ரப்பர்த் திண்டுகளாகவும் இருக்கும். அவ்வாறு பிணைக்காமல் விடுவதற்குக் காரணம் உண்டு. 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கான்கிரீட் கர்டர், வெப்பநிலை 25 டிகிரி உயரும்போது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீள்கிறது. நம் ஊரின் சித்திரை வெயிலில் நீண்டு மார்கழிக் குளிரில் சுருங்கும் அந்த அசைவுக்கு இடம் தராவிட்டால் கர்டரோ தூணோ வெடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு கண்ணின், அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட பாலப் பகுதியின், முனையிலும் ஓர் இடைவெளியும், நகர்ந்து கொடுக்கும் ஒரு தாங்கியும் வைக்கிறார்கள். அன்றாட வெயிலுக்கும் குளிருக்கும் தேவையான அந்தச் சுதந்திரமே நிலநடுக்கத்தின்போது ஆபத்தாக மாறுகிறது.

நிலம் அதிரும்போது எல்லாத் தூண்களும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் ஆடுவதில்லை. உயரமான தூண் மெதுவாகவும், குட்டையான தூண் விரைவாகவும் ஆடும். பாறையில் ஊன்றிய தூணும் மணலில் ஊன்றிய தூணும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒரு கண்ணும் அடுத்த கண்ணும் ஒரு கணம் ஒன்றோடொன்று மோதி, மறு கணம் விலகும். விலகும் தூரம், கர்டரின் முனை தூணின் தலையில் அமர்ந்துள்ள இருக்கையின் அகலத்தைவிட மிகுந்துவிட்டால், கர்டர் முறியாமல், வளையாமல், முழு உடலோடு கீழே விழுகிறது. பாலம் இடிந்தது என்று நாம் சொல்லும் பல நிகழ்வுகளில் கர்டரின் வலிமையில் குறை இருந்ததில்லை. அது அமர்ந்த இடம் போதாமல் போனதே விழுந்ததற்குக் காரணம். பொதுமக்களும் நிர்வாகத்தினரும் இந்த ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால், தீர்வு எவ்வளவு எளியது என்பதும் விளங்கிவிடும்.

1964-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜப்பானின் நீகாட்டா நகரில், புதிதாகத் திறக்கப்பட்டிருந்த ஷோவா பாலத்தின் ஐந்து கண்கள் அவ்வாறுதான் ஆற்றில் விழுந்தன. நீர் கோத்த மணல் அதிர்வில் குழம்பாகி இளகியதால் தூண்கள் சாய்ந்து, கர்டர்கள் இருக்கையை இழந்தன. 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லண்டையும் இணைக்கும் வளைகுடாப் பாலத்தின் மேல்தளத்தில் 15 மீட்டர் நீளத் துண்டு ஒன்று கீழ்த்தளத்தின் மேல் விழுந்து ஒருவர் உயிரிழந்தார். அந்தத் துண்டு அமர்ந்திருந்த இருக்கையின் அகலம் ஏறத்தாழ 5 அங்குலம் மட்டுமே. பாலம் நகர்ந்ததோ அதைவிட அதிகம். அத்தனை பெரிய பாலம், அந்த ஒரு துண்டினால், ஒரு மாதம் மூடிக் கிடந்தது. 1995 ஜனவரியில் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஹான்ஷின் விரைவுச்சாலையின் 600 மீட்டருக்கும் அதிகமான பகுதி தூண்களோடு பக்கவாட்டில் சாய்ந்த படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே நாளில் நிஷினோமியா துறைமுகப் பாலத்தின் அணுகு கண் ஒன்று இருக்கையிலிருந்து நழுவி விழுந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இவற்றிலிருந்து அந்நாட்டினர் கற்றுக்கொண்டது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1971-இல் சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் பாலங்கள் விழுந்த பிறகு கலிபோர்னிய நெடுஞ்சாலைத் துறையினர் அடுத்தடுத்த கண்களை எஃகு வடங்களால் ஒன்றோடொன்று பிணைக்கத் தொடங்கினர். ஆனால் 1994-இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், அத்தகைய வடங்கள் பூட்டப்பட்டிருந்த கேவின் கேன்யன் பாலமே விழுந்தது. அதன் கண்களின் முனைகள் சாலைக்குச் செங்குத்தாக வெட்டப்படாமல் சாய்கோணத்தில் அமைந்திருந்தன. இருக்கையின் அகலம் 8 அங்குலம் மட்டுமே. வடம் மட்டும் போதாது, இருக்கையும் அகலமாக வேண்டும் என்பதை அது காட்டியது. அதே நிலநடுக்கத்தில், எஃகு உறை போர்த்தி வலுப்படுத்தப்பட்டிருந்த தூண்கள் தாக்குப்பிடித்து நின்றன. 2010-இல் சிலி நாட்டின் 8.8 அளவு நிலநடுக்கத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. கர்டர்களைக் குறுக்காகப் பிணைக்கும் டயாஃப்ரம்களைச் சிக்கனம் கருதிக் கைவிட்டுக் கட்டப்பட்ட புதிய பாலங்கள் பக்கவாட்டில் திரும்பி நழுவின. அவற்றைக் கொண்டிருந்த பழைய வடிவப் பாலங்கள் பெரும்பாலும் நின்றன. புதிய பாலம் என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கச்சுப் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, அப்பகுதியைச் சௌராஷ்டிரத்தோடு இணைக்கும் சூரஜ்பாரி பாலத்தின் தாங்கிகள் சேதமடைந்து, நிவாரண வண்டிகள் செல்ல வேண்டிய வழியே பாதிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஐ நாம் ஆழிப்பேரலையின் நாளாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதே நாளில் வட அந்தமானையும் நடு அந்தமானையும் இணைத்த ஆஸ்டின் நீரிணைப் பாலத்தில், சில கண்களின் மேற்கட்டுமானம் தாங்கிகளை விட்டுப் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. கர்டர் பக்கவாட்டில் நகராதபடி தூண் தலையில் எழுப்பப்படும் கான்கிரீட் தடுப்புக் கட்டைகள் தக்கபடி இருந்திருந்தால் அந்த நகர்வைத் தடுத்திருக்க முடியும்.

மதுரைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இதைவிட அருகில் உள்ள சான்று பாம்பன். 1964 டிசம்பர் புயலில் பழைய ரயில் பாலத்தின் பெரும்பாலான கண்களில் கர்டர்கள் அலையால் தூக்கியெறியப்பட்டன, தூண்களோ நின்றன. ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அப்பாலம் மீண்டும் இயங்கியது என்றால், தூண்கள் நின்றதும், விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்து மீட்டுத் திரும்ப ஏற்ற முடிந்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள். அன்று தள்ளியது நிலநடுக்கமன்று, கடல். எனினும், இருக்கையில் பிடிப்பில்லாத கர்டரை எந்தப் பக்கவாட்டு விசையும் இறக்கிவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி நம் பகுதியில் வேறில்லை.

இனி, மதுரையில் நிலநடுக்கம் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான 1893-ஆம் எண் இந்தியத் தரநிலையின் 2002, 2016 ஆண்டுப் பதிப்புகளின் வரைபடங்களில் மதுரை இரண்டாம் மண்டலத்தில், அதாவது மிகக் குறைந்த அதிர்வை எதிர்பார்க்கும் மண்டலத்தில், வைக்கப்பட்டிருக்கிறது. எதிர்பார்க்கும் அதிர்வின் கடுமையைக் குறிக்கும் கெழு அம்மண்டலத்துக்கு 0.10, கோயம்புத்தூரும் சென்னையும் இடம்பெறும் மூன்றாம் மண்டலத்துக்கு 0.16, கச்சுப் பகுதி இடம்பெறும் ஐந்தாம் மண்டலத்துக்கு 0.36. இந்த எண்களைக் காட்டி, இங்கு இதெல்லாம் தேவையில்லை என்று பொறியாளர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் நினைவூட்ட விரும்புவது மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டம். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அங்குள்ள கில்லாரி என்ற ஊரைத் தரைமட்டமாக்கி ஏறத்தாழ 10,000 உயிர்களைப் பறித்த நிலநடுக்கம், அன்றைய வரைபடத்தில் முதலாம் மண்டலத்தில், ஆபத்து மிகக் குறைவு என்று குறிக்கப்பட்ட இடத்தில், நிகழ்ந்தது. 2002-இல் அந்த முதலாம் மண்டலமே வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதி பலமாக அதிர்ந்ததும், 2000 டிசம்பரில் நமக்கு மேற்கே மலைக்கு அப்பால் கேரளத்தில் 5 அளவில் நிலம் அதிர்ந்ததும், 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் 5.5 அளவில் அதிர்வு ஏற்பட்டதும் பதிவான செய்திகள். கச்சுக்கு இணையான அதிர்வு மதுரைக்கு வரும் என்று கூறி மக்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. மிதமான அதிர்வுக்கே குறுகிய இருக்கையும் சீர்கெட்ட தாங்கியும் போதாமல் போகலாம் என்பதும், அந்த இரண்டையும் சரிசெய்வது நம் கையில் இருக்கிறது என்பதுமே நான் சொல்வது.

சாலைப் பாலங்களுக்கான நம் விதிநூலில், இரண்டாம், மூன்றாம் மண்டலங்களில் கண் 15 மீட்டருக்கும் மொத்த நீளம் 60 மீட்டருக்கும் குறைவாக உள்ள பாலங்களை நில அதிர்வு விசைக்குக் கணக்கிட வேண்டியதில்லை என்ற தளர்வு நெடுங்காலம் இருந்துள்ளது. கால்வாய்களையும் கண்மாய்க் கலுங்குகளையும் கடக்கும் சிற்றூர்ப் பாலங்கள் பலவும் இத்தளர்வின் கீழ் வந்தவையாகவே இருக்கும். 2018-இல் இந்தியச் சாலைப் பேராயம் சாலைப் பாலங்களின் நில அதிர்வு வடிவமைப்புக்கென்றே 114-ஆம் எண் சிறப்பு வழிகாட்டியை வெளியிட்டது. அதற்குப் பின் வடிவமைக்கப்படும் பாலங்களுக்கு வழி தெளிவாகிவிட்டது. என் கவலையெல்லாம் அதற்கு முன் கட்டியவற்றைப் பற்றியது.

அவற்றுக்குச் செய்யக்கூடியவை பெரும் செலவுடையவை அல்ல. முதலாவதும் முதன்மையானதும் இருக்கையை அகலப்படுத்துவது. ஜப்பானிய விதியின்படி இருக்கையின் குறைந்தபட்ச நீளம் 70 சென்டிமீட்டர். அதோடு கண்ணின் ஒவ்வொரு மீட்டருக்கும் அரை சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். 30 மீட்டர் கண்ணுக்கு 85 சென்டிமீட்டர் வருகிறது. நமக்கு அவ்வளவு தேவையா என்பதை வடிவமைப்பாளர்கள் கணக்கிடட்டும். ஆனால் இப்போதுள்ள இருக்கை எவ்வளவு என்பதை முதலில் நாடா வைத்து அளந்தாக வேண்டும். போதாத இடத்தில் தூண் தலையின் பக்கத்தில் துளையிட்டுக் கம்பி பதித்து, கான்கிரீட் அல்லது எஃகுத் தாங்கு நீட்சி ஒன்றை இணைத்துவிடலாம். கர்டர் தாங்கியை விட்டு நழுவினாலும் அந்த நீட்சியின் மேல் இறங்கி நிற்கும். சாலையில் ஒரு படி விழும், உயிர் போகாது.

இரண்டாவது, பக்கவாட்டுத் தடுப்புக் கட்டைகள். மூன்றாவது, கண்ணையும் கண்ணையும், அல்லது கண்ணையும் தூணையும் பிணைக்கும் எஃகு வடங்களோ சங்கிலிகளோ. இங்குதான் நுணுக்கம் தேவைப்படுகிறது. வடத்தை இறுக்கிக் கட்டினால் வெயிலில் கர்டர் நீளவும் சுருங்கவும் முடியாமல் போகும்; ஆகவே அன்றாட அசைவுக்குரிய தொய்வை விட்டு, அதற்கு மேல் நகரும்போது மட்டும் பிடிக்கும்படி அமைக்க வேண்டும். இதே நோக்கத்தோடு, மெல்ல நகர்ந்தால் வழிவிட்டு, திடீரென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும் அதிர்வு கடத்தி என்னும் உருளை வடிவக் கருவியும் இருக்கிறது. முக்கியமான பாலங்களில் தாங்கிகளை மாற்ற நேரும்போது, நடுவில் ஈயத் தண்டு பொருத்திய ரப்பர்த் தாங்கிகளைப் பரிசீலிக்கலாம். 1970-களில் நியூசிலாந்தில் உருவான இத்தாங்கி, ஈயம் நெகிழ்ந்து கொடுப்பதன் மூலம் அதிர்வின் ஆற்றலைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. வடத்தால் கர்டரைப் பிணைத்தால் அதன் இழுவை தூணுக்குப் போகும் என்பதால், தூணின் கம்பிக்கட்டு அதைத் தாங்குமா என்பதையும் உடன் பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் விழும் இடம்தான் மாறும்.

இவற்றையெல்லாம் விட முன்னதாக, பெரிதாகச் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதுதான் பராமரிப்பு. நம் ஊர்ப் பாலங்களின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், கண்களுக்கு இடையிலான இணைப்புகளில் அரசங்கன்றும் ஆலங்கன்றும் முளைத்து வேர் விட்டிருப்பதைக் காணலாம். இணைப்பின் ரப்பர் கிழிந்து, மழைநீரும் மண்ணும் வழிந்து, தாங்கிகள் புதைந்து கிடக்கின்றன. உருளைத் தாங்கி துருப்பிடித்து உறைந்துவிட்டால் அது தாங்கியே அல்ல. சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போடும் பழக்கமும் இதில் சேரும். ஏழரை மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கண்ணின் மேல் 10 சென்டிமீட்டர் தார் கூடுதலாக ஏறினால், ஏறத்தாழ 50 டன் எடை கூடுகிறது. நிலநடுக்க விசை எடைக்கு நேர்விகிதமானது; நாமே பாலத்தின் தலையில் அந்த விசையை ஏற்றி வைக்கிறோம். 2025 ஜூலையில் குஜராத்தின் கம்பீரா பாலத்தில் ஒரு கண் மகிசாகர் ஆற்றில் விழுந்து இருபதுக்கும் குறையாத உயிர்கள் பறிபோனபோது, தாங்கிப் பீடமும் கண் இணைப்பும் நொறுங்கியதே காரணம் என முதற்கட்ட விசாரணையின் அடிப்படையில் அம்மாநில அரசு தெரிவித்தது. அங்கு நிலம் அதிரவே இல்லை.

மதுரைக்கும் இதன் வலி தெரியும். நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்த பறக்கும் பாலத்தின் கட்டுமானத்தின்போது, 2021 ஆகஸ்டில், ஜாக்கியால் தூக்கிக்கொண்டிருந்த கர்டர் ஒன்று சரிந்து விழுந்ததில், பிழைப்புக்காக வடமாநிலத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பழைய பாலங்களில் தாங்கிகளை மாற்றுவதற்கும் கர்டர்களை ஜாக்கி வைத்துத் தூக்கியே ஆக வேண்டும். ஆகவே நான் கோரும் பணியைச் செய்யும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கு, தூக்கும் கர்டரைத் தற்காலிகமாகப் பக்கத்துக் கர்டரோடு பிணைப்பதும், ஜாக்கிக்குத் துணையாகக் கட்டைகள் அடுக்குவதும் ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்கப்பட வேண்டும்.

வைகைக்கு வருவோம். நம் நகரம் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கிறது. ரயில் நிலையமும், கோயிலைச் சூழ்ந்த நெருக்கமான பழைய தெருக்களும் தென்கரையில். அரசு ராஜாஜி மருத்துவமனை வடகரையில். ஒரு நிலநடுக்கத்தில் அந்தப் பழைய தெருக்களில் சுவர்கள் சரிந்தால், காயமுற்றவர்கள் அனைவரும் ஆற்றைக் கடந்துதான் மருத்துவமனைக்குச் சேர வேண்டும். 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் வளைவுகளால் ஆனது. அது வேறு வகை, அதன் ஆபத்துகளும் வேறு. அதற்கு மேற்கிலும் கிழக்கிலுமாக ஆற்றைக் கடக்கும் கர்டர் பாலங்களே இன்று போக்குவரத்தின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் இப்பாலங்களின் மேலும் கீழும் எத்தனை லட்சம் பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் நமக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வைகை வறண்டு கிடப்பது வருந்தத்தக்கதே. ஆயினும் அதே காரணத்தால் ஒவ்வொரு தூணையும் அடியிலிருந்து நடந்து சென்று, ஏணி வைத்து ஏறிப் பார்க்க முடியும். மணல் அள்ளப்பட்டதால் அடித்தளம் வெளியே தெரிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். படகும் முக்குளிப்போரும் தேவைப்படும் ஊர்களுக்கு இந்த வசதி இல்லை.

ஆனால் இப்பாலங்கள் அனைத்தும் ஓர் அலுவலகத்தின் கீழ் இல்லை. சில மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும், சில மாநகராட்சியிடமும், சில தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடமும், ரயில் பாலங்கள் தெற்கு ரயில்வேயிடமும் இருக்கின்றன. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியரே. ஆகவே அவர் இத்துறைகளை ஒரே மேசையில் அமர்த்தி, மாவட்டத்தில் உள்ள கர்டர் பாலங்களின் பட்டியலை, கட்டிய ஆண்டு, கண்ணின் நீளம், சாய்கோணம், தாங்கியின் வகை, இருக்கையின் அளந்த அகலம், தடுப்புக் கட்டை உண்டா இல்லையா ஆகிய விவரங்களோடு பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அளக்கும் பணியில், 1957 முதல் இந்நகரில் இயங்கிவரும் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆசிரியர்களையும் மாணவர்களையும், பிற கல்லூரிகளையும் ஈடுபடுத்தலாம். மாணவர்களுக்கு அது வகுப்பறையில் கிடைக்காத கல்வியாகும். மருத்துவமனைக்கு வழியாக அமையும் பாலங்களையும், சாய்கோணப் பாலங்களையும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தாங்கிகளையோ இணைப்புகளையோ மாற்ற எந்தப் பாலத்துக்கு ஒப்பந்தம் கோரப்பட்டாலும், தடுப்புக் கட்டையும் இருக்கை நீட்சியும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட வேண்டும். ஜாக்கியும் சாரமும் போக்குவரத்து மாற்றமும் ஏற்கெனவே இருக்கும் நேரத்தில் அதற்கான கூடுதல் செலவு மிகக் குறைவாகவே இருக்கும்.

பட்டியல் தயாரானதும் அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தங்கள் நாளிதழும், அடுத்த முறை ஒரு பாலத்தின் செய்தியை வெளியிடும்போது, அதன் நீளத்தையும் செலவையும் போலவே அதன் இருக்கையின் அகலத்தையும் அதிகாரிகளிடம் கேட்டு வெளியிடுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற கட்டடப் பொறியியல் விரிவுரையாளர்,
அண்ணாநகர், மதுரை.